பஸ் வருது, நிப்பாட்டு

சின்னம்மாவின் மகன் போன மாதம் ஒரு இரவு எனக்குக் கோல் எடுத்தான். அறிவியல்நகரில் பொறியியல் பீடம், இரண்டாம் வருடம். வழக்கமாக மடிக்கணினி பழுதானாலோ கைச்செலவுக்குக் காசு முடிந்தாலோதான் அவனுக்கு என் ஞாபகம் வரும். இந்த முறை விஷயம் வேறு. “அண்ணா, மோட்டச்சைக்கிள் ஒண்டு எடுக்கப்போறன். எதை எடுக்கலாம்?” அவன் கேட்டு முடிக்க முதலே என் வாயிலிருந்து பதில் வந்துவிட்டது. “பஜாஜ் சி.ரி.100. பழசிலை நல்லதா ஒண்டு பாத்து எடு. பெற்றோல் குடிக்காது, சாமான் மலிவு, எந்தக் கராச்சிலையும் திருத்தலாம்.” மறுபக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டான்: “அது நீங்கள் ஆசைப்பட்டு எடுத்ததோ அண்ணா?”

ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வைத்தேன். ஆனால் செருப்புக்குள் புகுந்த கிரவல் கல் மாதிரி அந்தக் கேள்வி ஒரு மாதமாக உறுத்துகிறது. என்னிடம் மோட்டார் சைக்கிள் பற்றி ஆலோசனை கேட்ட எல்லாருக்கும் பத்து வருடமாக இதே பதிலைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். அதைச் சொல்லும்போது என் குரலில் ஒரு பெரிய மனிதத்தனம் வந்துவிடும் என்று மனைவி சொல்வாள். இவன் ஒருவன்தான் அந்தக் குரலைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறான்.

உண்மையைச் சொன்னால், நான் ஆசைப்பட்டது யமஹா எஃப்.இசட்.

பம்பைமடுவில் ஒரு நீல வண்டி

2015. நான் பம்பைமடுவில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அது அப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம். தனிப் பல்கலைக்கழகமானது 2021 ஆவணியில்தான். வவுனியா டவுனில் இருந்து மன்னார் றோட்டில் பஸ்ஸுக்குக் காத்து நின்று, தொங்கிக்கொண்டு போய் இறங்கினால், சேட்டு கசங்கி, முதல் விரிவுரை பாதி முடிந்திருக்கும். என் பச்சில் ஒருவன் நீல நிற எஃப்.இசட்டில் வருவான். எங்களுக்கெல்லாம் அந்த வண்டியின் பின்பக்கம்தான் அதிகம் தெரியும், ஏனென்றால் அது எப்போதும் எங்கள் பஸ்ஸை முந்திக்கொண்டு போகும். 140 மில்லிமீற்றர் அகல ரயர். சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்க இடப்பக்கம் பூட்டி வரும் கம்பியை அவன் வாங்கிய வாரமே கழற்றி எறிந்துவிட்டான். அது இருந்தால் வண்டி கிழவி மாதிரி இருக்குமாம்.

அந்த வருடம் ஆசைப்படுவதற்குக் காலமும் தோதாக இருந்தது. தை மாதம் பெற்றோல் 117 ரூபாவுக்கு இறங்கியது. கம்பஸ் பிள்ளைகளுக்கு மாதா மாதம் வரும் மகாபொல உதவித்தொகை ஐயாயிரம் ஆகியது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் லீசிங் கம்பனிகள் கடைக்குக் கடை இருந்தன. கோப்பும் கையுமாகத் திரிந்த அவர்களுடைய பெடியள் கம்பஸ் வாசலுக்கே வந்து துண்டுப் பிரசுரம் தருவார்கள். முற்பணம் கொஞ்சம், பிணையாள் இரண்டு பேர், மிச்சம் மாதா மாதம். நானும் ஒருநாள் போய் விசாரித்தேன். மாதக் கட்டணம் என் மகாபொலவின் இரண்டு மடங்கு வந்தது. கட்டி முடிக்கும்வரை வண்டியின் பதிவுப் புக்கில் முழு உரிமையாளராகக் கம்பனியின் பெயர்தான் இருக்கும். இரண்டு மூன்று மாதம் தவறினால் ஆட்கள் வந்து வண்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். ‘சீஸ்’ என்ற சொல்லை எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகூட அறிந்திருந்த காலம் அது. எனக்கும் தெரியும். ஆனாலும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் வண்டியின் படத்தைத் திருப்பிக் காட்டியபோது கணக்கு மறந்துவிட்டது. ரியூசன் எடுப்பேன், லீவில் மேசன் வேலைக்குப் போவேன், எப்படியும் கட்டிவிடலாம் என்றே நம்பினேன். இருபத்தொரு வயதில் நாற்பத்தெட்டு மாதம் என்பது ஒரு சின்ன எண்.

வீட்டில் சொன்னேன். எங்கள் வீடு முத்தையன்கட்டில். குளத்துத் தண்ணீரில் நெல்லும், மேட்டுக்காணியில் கச்சானும். அப்பா கேட்டது ஒன்றுதான்: “நடுக்காட்டுக்கை நிண்டால் திருத்தேலுமோ?” அது அப்பாவின் எம்.டி.90 காலத்துக் கேள்வி. ஜப்பானில் தபால்காரர்களுக்கென்று ஹொண்டா செய்த அந்தச் சிவப்பு வண்டியை வன்னியில் ஓடாத தலைமுறை ஒன்று இருந்ததா என்று தெரியவில்லை. கிளச் பிடி கிடையாது, காலால் மிதித்தால் கியர் விழும். யுத்த காலத்தில் பெற்றோல் வராத அந்த வருடங்களில் சின்னப் போத்தலில் இருந்து நாலு துளி பெற்றோல் விட்டு உதைந்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடியதும், கரி பிடித்த பிளக்கை மண்கடதாசியால் தேய்த்துத் தேய்த்தே தேய்ந்துபோனதும் எங்கள் வீட்டில் ஆயிரம் தரம் கேட்ட கதை. அந்த வண்டி கடைசி யுத்தத்தில் மாத்தளன் மணலில் நின்றுபோனது. அதற்குப் பிறகு அப்பா சைக்கிள்தான். வாகனம் என்றால் அவருக்கு வேகமோ அழகோ இல்லை. அது நின்றுபோனால் என்ன செய்வது என்பதில் இருந்துதான் அவர் யோசிக்கத் தொடங்குவார்.

அம்மா எதுவும் கேட்கவில்லை. “நீ பாத்து எடு தம்பி” என்றார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

வற்றாப்பளைக்குப் போன நாள்

வைகாசி விசாகப் பொங்கல். வற்றாப்பளைக் கண்ணகை அம்மனுக்கு அம்மா ஒரு நேர்த்தி வைத்திருந்தார், நான் கம்பஸுக்கு எடுபட்டதற்கு. பொங்கல் திங்கட்கிழமை. சனிக்கிழமையே நான் நீல எஃப்.இசட்டை இரண்டு நாளுக்கு இரவல் வாங்கிக்கொண்டு புளியங்குளம், நெடுங்கேணி வழியாக வீட்டுக்கு வந்தேன். நெடுங்கேணி தாண்டியதும் காடு. மாலை மங்கினால் யானை நிற்கும் றோட்டு, அதனால் வெளிச்சத்திலேயே வந்துவிட வேண்டும் என்று விரட்டினேன். அந்த ஓட்டத்தை இப்போதும் மறக்கவில்லை. அதற்கு முதலோ பிறகோ ஒரு வண்டி என் உடம்பின் மிச்சம் மாதிரி நகர்ந்தது கிடையாது. வளைவில் சாய நினைத்தால் சாய்ந்தது. ஒட்டுசுட்டானில் தான்தோன்றீச்சரர் கோயிலடியில் நிறுத்தித் தண்ணீர் குடித்தபோது கை நடுங்கிக்கொண்டிருந்தது. சந்தோசத்தில்தான்.

என் திட்டம் இது: அம்மாவை இந்த வண்டியில் வற்றாப்பளைக்குக் கூட்டிப்போவது, அவர் இதில் போய்ப் பழகுவது, அதன்பிறகு அப்பா எதுவும் சொல்ல முடியாது. திங்கட்கிழமை காலை அம்மா மஞ்சள் கூறை மாதிரி ஒரு சேலை உடுத்து, பச்சரிசி, சர்க்கரை, தேங்காய், வெற்றிலை எல்லாம் போட்ட பன்பையோடு முற்றத்துக்கு வந்தார். நான் வண்டியை உறுமவிட்டுக் காத்திருந்தேன். அம்மா வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். மாடு வாங்கப் போனவர்கள் மாட்டைச் சுற்றி வருவது மாதிரி. பின் சீற்றைக் கையால் தொட்டுப் பார்த்தார். அது அவருடைய இடுப்புக்கு மேலே, முன்பக்கம் சரிந்து, என் உள்ளங்கை இரண்டை விரித்து வைத்த அளவில் இருந்தது. “இதிலை எங்கை பிடிக்கிறது?” என்றார். “என்னைப் பிடியுங்கோ அம்மா.”

அப்பா வந்து பையை வாங்கினார். அம்மா மிதியில் காலை வைத்து ஏறப் பார்த்தார், சேலை விடவில்லை. இறங்கினார். தங்கச்சி அடுப்படியில் இருந்து பலகைக்கட்டை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். அதில் ஏறி ஒருபக்கமாக இருந்தார். பையை மடியில் வைத்தால் என் தோளைப் பிடிக்கக் கையில்லை, தோளைப் பிடித்தால் பை சரிந்தது. கடைசியில் பையை நான் தாங்கியில் வைத்துத் தொடையால் இடுக்கிக்கொண்டேன். கிரவல் றோட்டில் முதலாம் கியரிலேயே போனேன். பிரேக்கைத் தொட்டபோதெல்லாம் அம்மா என் முதுகில் வந்து மோதினார், பிறகு அரக்கி அரக்கிப் பின்னுக்குப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கண்ணாடியில் பார்த்தேன். அவருடைய ஒரு கை சேலை முந்தானையையும் மடிப்பையும் சேர்த்துச் சுருட்டிப் பிடித்திருந்தது. கம்பி இல்லாத சக்கரம் அதற்குக் கீழே சுழன்றுகொண்டிருந்தது.

தார் றோட்டுச் சந்திக்கு வந்ததும் அம்மா என் தோளில் தட்டினார். “தம்பி, நிப்பாட்டு. பஸ் வருது.”

நான் திரும்பிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் பார்த்தேன். றோட்டில் ஒரு நாய் போய்க்கொண்டிருந்தது. பஸ் எதுவும் இல்லை.

அம்மா இறங்கி, சேலையைச் சரிசெய்து, பையை வாங்கிக்கொண்டு வேப்பமரத்தின் கீழே போய் நின்றார். “நீ முன்னுக்குப் போ. நான் வாறன்.” குரலில் கோபம் கிடையாது, குறையும் கிடையாது. வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து, வராத பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். பஸ் வர முக்கால் மணித்தியாலம் பிடித்தது. நான் போகவில்லை. வண்டியை ஓரத்தில் விட்டு அதன்மேல் சாய்ந்து நின்றேன். இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. பஸ் வந்தபோது அது பொங்கலுக்குப் போகும் சனத்தால் பிதுங்கி வழிந்தது. அம்மா அதில் ஏறினார், மிதிபலகையில் நின்றபடி. அந்த நெருக்கத்துக்குள்ளும் அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் பார்த்தேன். அதுதான் சுட்டது.

வாகனம் பற்றி எழுதுகிறவர்களும் வீடியோ போடுகிறவர்களும் இந்த நாளை எங்கும் சொல்வதில்லை. சின்னம்மாவின் மகன், தம்பி அனுப்பிய ஒப்பீட்டு வீடியோக்களைப் போன கிழமை முழுதும் பார்த்தேன். பெரும்பாலும் சென்னை, கோயம்புத்தூர்ப் பெடியள், நன்றாகவே பேசுகிறார்கள். எத்தனை நொடியில் அறுபதைத் தொடும், வளைவில் பிடிமானம் எப்படி, டிஸ்க் ஒன்றா இரண்டா. ஒருவர்கூடப் பின்னால் ஒரு அம்மாவை ஏற்றிக் காட்டவில்லை. முதல் வண்டி வாங்குகிறவன் தனியாள் என்று யாரோ எழுதாமல் எழுதி வைத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் என்பது வீட்டுச் சாமான். உரலைப்போல, தண்ணீர்ப் பம்பைப்போல. மாணவன் பேரில் புக் இருக்கலாம். விடிய ஐந்து மணிக்கு அதில் யூரியா பை போகும், எட்டு மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேர், பத்து மணிக்கு காஸ் சிலிண்டர்.

அப்பா ஏறிய சீற்று

லீசிங் கதை அத்தோடு முடிந்தது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. கச்சான் விற்ற காசும், அம்மாவின் ஒரு சோடிக் காப்பும், என் மகாபொல மிச்சமும் சேர்த்து ஆவணி மாதம் வவுனியாவில் பழைய சி.ரி.100 ஒன்றைப் பார்க்கப் போனோம். விற்கிறவர் நல்ல மனிதர், ஆனால் அவர் தந்தது ஓப்பின் பேப்பர். வண்டி அவருக்கு முதல் இருந்தவரின் பெயரிலேயே நின்றது, கையெழுத்து வைத்த படிவம் மட்டும் கைமாறி வந்திருந்தது. அப்பா சம்மதிக்கவில்லை. புக்கில் பெயர் உள்ளவரைத் தேடிப் பிடித்து, அவர் முன்னிலையில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் மிச்சக் காசைக் கொடுத்தார். அந்த ஒரு நாள் அலைச்சலுக்கு நான் முணுமுணுத்தேன். எங்கள் ஊரில் ஓப்பின் பேப்பரோடு ஓடி, பொலிஸில் பிடிபட்டு, சொந்தக்காரன் யார் என்று நிரூபிக்க முடியாமல் நின்றவர்களைப் பிறகு பார்த்தபோது முணுமுணுப்பு நின்றது.

அப்பா பார்த்தவை எல்லாம் எம்.டி.90 பாடம். சேசிஸ் நம்பரில் படிந்திருந்த எண்ணெயைத் துணியால் துடைத்துப் புக்கோடு ஒத்துப் பார்த்தார். எஞ்சின் சூடாக இருக்கிறதா என்று முதலே தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தால் நாங்கள் வர முன்னமே உதைந்து வைத்திருக்கிறார்கள், குளிரில் எடுக்காத வண்டி என்று அர்த்தம். சைலன்சர் வாயில் விரலை விட்டுக் கரியைப் பார்த்தார்: உலர்ந்த கரி என்றால் சரி, எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங் போய்விட்டது. செயினைப் பின் பல்லுச் சில்லில் இருந்து இழுத்துப் பார்த்தார். எல்லாம் முடிந்து, ஓடிப் பாருங்கோ ஐயா என்று விற்றவர் சொன்னபோது, அப்பா முன்னால் ஏறவில்லை. பின் சீற்றில் ஏறினார். நேராக இல்லை, ஒருபக்கமாக. அம்மா இருப்பது மாதிரி. கம்பியைப் பிடித்துப் பார்த்தார், காலை வைக்கும் தகட்டைப் பார்த்தார். “சரி, எடு” என்றார்.

ஆக, எஃப்.இசட்டில் நாங்கள் போன அந்தக் காலையை அவர் முற்றத்தில் நின்று பார்த்திருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது மாங்குளத்தில் முல்லைத்தீவு றோட்டில் திரும்பாமல், நேரே ஏ9இல் முறிகண்டிக்குப் போகச் சொன்னார். சும்மா சுற்றி ஒரு சொட்டுப் பெற்றோல் எரிக்காத மனிதர். பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, தேங்காய் அடித்து, சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைத்து ஏற்றி நசித்து, ஆளுக்கொரு சுருள் கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டு வந்தோம். கச்சான் செய்கிறவன் காசு கொடுத்துக் கச்சான் வாங்குவது முறிகண்டியில் மட்டும்தான் நடக்கும்.

அந்த வண்டி என்ன செய்தது

எட்டு வருடம் ஓடியது. அம்மாவை மாஞ்சோலை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கொண்டுபோனது. தங்கச்சி அதிலேயே பழகி லைசன்ஸ் எடுத்தாள், பிறகு தன் காசில் ஸ்கூட்டி வாங்கினாள். ஏ9இல் ஒரு மார்கழி இரவு, தார்ச் சூட்டுக்குப் படுத்திருந்த மாட்டுக்கூட்டத்துக்குள் நான் போய் விழுந்தபோது, வளைந்த கால் காப்புக் கம்பியை மறுநாள் கொல்லன் பட்டறையிலேயே நிமிர்த்திக்கொண்டோம். 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, நாங்கள் வாங்கியதைவிடக் கூடுதல் விலைக்குக் கேட்டு ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா சிரித்துக்கொண்டு தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார்.

சி.ரி.100 ராசாவாக இருந்தது 2022இல்தான். ஆனி மாதம் பெற்றோல் 470 ரூபா. பிறகு எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூ.ஆர். கோட் வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர். எந்த மோட்டார் சைக்கிள் என்று அது பார்க்காது, எல்லாவற்றுக்கும் அதே நாலு லீற்றர். என் வண்டி அதில் இருநூற்றைம்பது கிலோமீற்றர் போகும். நீல எஃப்.இசட்காரன் அப்போது முல்லைத்தீவில் வேலை. ஒரு நாள் வரிசையில் எனக்குப் பின்னால் நின்றான். நாலு லீற்றரில் தனக்கு நூற்றறுபதுகூட வராது என்று சொல்லிவிட்டு, “நீ அண்டைக்கே யோசிச்சு எடுத்திருக்கிறாய் மச்சான்” என்றான். நான் மறுக்கவில்லை. ஆமோதிப்பது மாதிரித் தலையைக்கூட ஆட்டினேன்.

இதுதான் என்னை உறுத்துகிறது. நான் யோசித்து எடுக்கவில்லை. அந்த வேப்பமரத்தடியில் எனக்கு வெட்கம் வந்தது, அந்த வெட்கத்தில் ஆசையை விட்டேன், பிறகு வந்த வருடங்கள் ஒவ்வொன்றும் அதை எனக்குச் சாதகமாகத் திருப்பிக் கொடுத்தன. பெற்றோல் விலை ஏற ஏற என் விவேகமும் ஏறியது. கடைசியில் அதை நானே நம்பிவிட்டேன். தம்பிக்கு நான் சொன்ன மைலேஜும், சாமான் விலையும், கராச்சும் பொய் இல்லை. ஆனால் அவை எதற்காகவும் நான் அந்த வண்டியை எடுக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். கம்பஸில் மிச்சமிருந்த இரண்டு வருடமும் நான் அந்த வண்டியை மரத்துக்குப் பின்னால்தான் நிறுத்தினேன். புண்ணாக்கு மணம் சீற்றில் இருந்து போகவே இல்லை. நெடுங்கேணிக் காட்டு றோட்டில் அன்று மாலை ஓடிய ஓட்டம் இப்போதும் கனவில் வரும். கனவில் பின் சீற்று காலியாகவே இருக்கும். அதற்காக நான் இன்னும் மன்னிப்புக் கேட்கத் தயாரில்லை. இருபத்தொரு வயதுக்காரன் ஒருவன் ஒரே ஒரு சாமானைத் தனக்கென்று மட்டும் ஆசைப்படுவதில் என்ன பிழை? வன்னியில் எங்கள் தலைமுறைக்கு அந்தக் கேள்வியைக் கேட்கவே கூச்சம்.

போன ஞாயிறு விசுவமடுவுக்குச் சின்னம்மா வீட்டுக்குப் போனேன். தம்பி விறாந்தையில் கைத்தொலைபேசியோடு இருந்தான். 2025 மாசியில் இறக்குமதியை மறுபடி திறந்த பிறகு வந்த வண்டிகளின் விலையைக் காட்டினான். தலை சுற்றியது. பிறகு பழையதில் ஒன்றைக் காட்டினான். கறுப்பு எஃப்.இசட், பக்கவாட்டில் எடுத்த படம். சி.ரி.100 என்ற பேச்சை நான் எடுக்கவில்லை. “பின்னுக்கு ஆர் ஆர் இருக்கப்போயினம்?” என்று மட்டும் கேட்டேன்.

“ஒருத்தரும் இல்லை அண்ணா.” கொஞ்சம் அவசரமாகவே வந்தது பதில். காது சிவந்ததைக் கவனித்தேன்.

சின்னம்மா அந்தப் பக்கம் சுளகில் பயறு புடைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. “செவ்வாய்க்கிழமை எனக்குக் கிளினிக்” என்றார், யாருக்கும் சொல்லாத மாதிரி.

தம்பி ஒன்றும் சொல்லவில்லை. படத்தில் இரண்டு விரலை வைத்து அகட்டி, பின் சீற்றைப் பெரிதாக்கிப் பார்த்தான்.